"தெரிஞ்சே ஏன் தம்பி இங்க கட்டினான்?" – ஒருநாள் மாமல்லபுரச் சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஒருநாள் சுற்றுலா நடத்தும் எல்லாருக்கும்,

வணக்கம். யாருடைய பஸ்ஸில் போனேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொல்லிப் பயனும் இல்லை. இதற்கு முன்பும் சொந்தக்காரர்களோடும் ஆபீஸ் ஆட்களோடும் மூன்று தடவை வேறு வேறு வண்டிகளில் போயிருக்கிறேன். வண்டியின் நிறம்தான் மாறுகிறது, தடம் ஒன்றேதான். காலையில் காஞ்சிபுரம், அப்புறம் பட்டுக்கடை, மதியச் சாப்பாடு, பிற்பகலில் மாமல்லபுரம், கடைசியில் "பீச் டைம் அரை மணி நேரம்". அதனால் இந்தக் கடிதம் உங்கள் எல்லாருக்கும் பொது.

இந்தத் தடவை என்னோடு பெரியம்மா வந்திருந்தார். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம், வயது 71. மாடு, வயல், பேரப்பிள்ளைகள் என்று ஓடிய வாழ்க்கை. மாமல்லபுரத்தைக் காலண்டரில் மட்டும் பார்த்தவர். "அந்தக் கல்லு ரதத்தை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்ட்டி" என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முட்டிவலி இருப்பதால் ஏறி இறங்கும் தொல்லை குறையட்டும் என்று, கார் வைத்துப் போகாமல் வழிகாட்டியோடு வரும் உங்கள் பஸ்ஸில் இடம் பிடித்தேன். அங்கேதான் தப்புக்கணக்கு போட்டுவிட்டேன். அன்றைக்கு நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறியது 9 தடவை.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தை ஏன் காலையில் வைக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அங்கே கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும், மறுபடி திறக்க நாலு மணியாகும். மாமல்லபுரத்தில் பார்க்கவேண்டியவற்றில் பெரும்பாலானவை வழிபாட்டில் இல்லாத இடங்கள், பகல் முழுக்கத் திறந்திருக்கும். ஆகவே சாத்துகிற ஊர் முதலில், சாத்தாத ஊர் பிறகு. நேரக்கணக்கு என்று பார்த்தால் சரிதான். ஆனால் வெயில் வேறு கணக்கு வைத்திருக்கிறது.

அர்ஜுனன் தபசு என்று சொல்லும் அந்தப் பெரும் பாறை கிழக்கே பார்த்து நிற்கிறது. காலை ஏழு, எட்டு மணிக்குக் கடல் பக்கமிருந்து வெயில் சாய்வாக வந்து விழும்போது ஒவ்வொரு உருவமும் கல்லைவிட்டுப் புடைத்து வெளியே வரும். நாங்கள் போய் இறங்கியபோது மணி 3.10. வெயில் பாறைக்குப் பின்பக்கம் போயாயிற்று. சுமார் 27 மீட்டர் அகலத்துக்குத் தேவர்களும் முனிவர்களும் யானைகளும் நாகர்களும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடந்தார்கள். எதிர்வெயிலில் போட்டோ எடுத்தவர்களுக்கு வானம்தான் கிடைத்தது.

அந்தப் பாறைக்கு நீங்கள் ஒதுக்கியிருந்தது 10 நிமிடம். வழிகாட்டித் தம்பி நல்ல பிள்ளை. குரல் எடுத்துப் பேசினார், தமிழிலும் இந்தியிலும் மாறி மாறிச் சொன்னார். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் மனிதர், பக்கத்தில் வரம் தரும் சிவன், கீழே அதே மாதிரி கையைத் தூக்கி நிற்கும் பூனை, பூனையின் காலடியில் எலிகள். பூனையைக் காட்டியதும் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் "ஓகே, நெக்ஸ்ட் பட்டர் பால்" என்று கொடியைத் தூக்கிவிட்டார்.

அந்தப் பாறையின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு இருக்கிறது. அதில் நாகர்கள் கைகூப்பியபடி மேல்நோக்கி வருகிறார்கள். இரண்டு பக்கமும் இருக்கும் அத்தனை உருவங்களும் அந்தப் பிளவைப் பார்த்தே திரும்பியிருக்கின்றன. பாறைக்கு மேலே தொட்டி கட்டி, அதிலிருந்து பிளவு வழியாகத் தண்ணீர் விட்டதற்கான தடயம் உண்டு. அதனால்தான் இது அர்ஜுனன் தபசு இல்லை, கங்கையை இறக்கிய பகீரதன் தவம் என்று ஒரு கட்சி. இல்லை, சிவன் பக்கத்தில் நிற்பதால் பாசுபத அஸ்திரம் கேட்கும் அர்ஜுனன்தான் என்று மறு கட்சி. இரண்டையும் சொல்லி, "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று 40 பேரையும் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பஸ் திரும்பும்வரை சண்டை நடக்கும். உங்களுக்குப் படம் போடும் செலவு மிச்சம்.

அடுத்து நடந்ததை நான் மறக்கமாட்டேன். பாறைக்குப் பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைக் கண்ணன் தாங்கி நிற்கும் சிற்பம். முன்னால் இருக்கும் தூண் மண்டபம் பிற்காலத்தில் எழுப்பியது, சிற்பம் பல்லவர் காலத்தது. அது உங்கள் நிரலிலேயே இல்லை. பெரியம்மா முட்டிவலிக்கு நிழல் தேடி உள்ளே போய் உட்கார்ந்தார். நான் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தபோது சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்குகிறது.

"இங்க பாருட்டி. கன்னை முன்னால விட்டு நக்க வுட்டாத்தான் மாடு பாலை எறக்கும். இல்லன்னா ஏமாத்திப்புடும். மாட்டுக்காரன் பய எவனோதான் இதைச் செதுக்கியிருக்கான்."

கலை வரலாறு படித்தவர்கள் அந்தப் பசுவைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம். மாட்டைத் தெரிந்தவன்தான் கல்லைத் தொட்டிருக்கிறான் என்பதை என்னிடம் சொன்னது பெரியம்மாதான். அதுவும் பஸ்ஸுக்குத் தாமதமாகிவிட்டது என்று கிளீனர் தம்பி வந்து கூப்பிடும் வரைக்கும்தான் நேரம் இருந்தது.

வெண்ணெய் உருண்டைக்கு மட்டும் 20 நிமிடம். அங்கிருக்கும் பலகையில் "வான் இறைக் கல்" என்று போட்டிருக்கிறது, ஆனால் அந்தப் பெயர் யார் வாயிலும் வரவில்லை. சரிவில் உருளாமல் நிற்கும் பாறையைக் கையால் தாங்குகிற மாதிரி எல்லாரும் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மனுஷர் யாருமே கை வைக்காத ஒரு பாறைக்கு 20 நிமிடம், பல தச்சர்கள் உயிரைக் கொடுத்துச் செதுக்கியதற்குப் பாதி நேரம் என்பதுதான் உறுத்துகிறது.

ஐந்து ரதம். பெரியம்மா நாலு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். மணலில் கால் வைத்ததும் அனல். நிழல் என்று சொல்ல ரதங்களின் நிழல்தான். "இது தர்மர் ரதம், இது பீமர் ரதம், இது திரௌபதி ரதம்" என்று பெயர்ப்பட்டியல் ஓடியது. பாண்டவருக்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பெயர்கள் பின்னால் ஊர்மக்கள் வைத்தவை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். தர்மராஜ ரதத்திலேயே அதன் பெயர் வெட்டியிருக்கிறது: அத்யந்தகாம பல்லவேச்வர கிருகம். இவை யாருடைய தேரும் இல்லை, யாரும் ஏறவும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு கோயிலின் மாதிரி. மரத்திலும் ஓலையிலும் கட்டிக்கொண்டிருந்ததைக் கல்லில் எப்படிக் கொண்டுவருவது என்று ஐந்து விதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். திரௌபதி ரதம் அப்படியே கூரைவேய்ந்த குடிசை. நகுல சகதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே ஒரு கல் யானையைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறான் பாருங்கள், அது சிற்பியின் குறும்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எல்லாம் கல்லை அடுக்கிக் கட்டாமல், பாறையையே மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தவை. மேலே முடிந்திருக்கும், அடியில் முடிந்திருக்காது. பீம ரதத்தின் அடிப்பகுதியைப் பார்த்தாலே தெரியும், நாளைக்கு வந்து மிச்சத்தைச் செய்கிறேன் என்று உளியை வைத்துவிட்டுப் போன மாதிரி. இதைச் சொன்னால் போதும், சின்னப் பிள்ளைகள்கூட அண்ணாந்து பார்ப்பதை விட்டுக் குனிந்து பார்ப்பார்கள். எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு பையன் கல் சிங்கத்தின் மேல் ஏறப்போய் காவலாளியிடம் திட்டு வாங்கினான். அவன் குற்றம் இல்லை, அவனுக்குச் செய்வதற்கு வேறு எதுவும் தரப்படவில்லை.

கடற்கரைக் கோயிலுக்கு வந்தபோது மணி 4.35. உங்கள் நோட்டீஸில் இந்தக் கோயிலுக்குப் பின்னால் கடலில் சூரியன் மறைகிற படம் போட்டிருந்தீர்கள். இது கிழக்குக் கடற்கரை. இங்கே சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் விழாது. வேறு எந்தக் கடலின் படத்தையோ ஒட்டியிருக்கிறீர்கள். இதை ஒரு வேடிக்கையாக விட்டுவிடலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்த ஊரின் கடலை ஒருநாள்கூட நீங்கள் நின்று பார்த்ததில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கோயில் மதிலின்மேல் வரிசையாக நந்திகள் படுத்திருக்கும். பல நந்திகளுக்கு முகம் இல்லை. காதும் கொம்பும் கரைந்து, சவர்க்காரக் கட்டியைத் தண்ணீரில் போட்டு எடுத்த மாதிரி வழவழப்பாக இருக்கின்றன. பெரியம்மா அதில் ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வழிகாட்டியிடம் கேட்டார்:

"ஏன் தம்பி, தூத்துக்குடியில எம் மக வீட்டு ஜன்னல் கம்பி உப்புக்காத்துல ரெண்டு வருசத்துல இத்துப் போச்சு. ராசாவுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சே ஏன் தம்பி இங்க கட்டினான்?"

"நல்ல கேள்வி பாட்டி. டைம் ஆச்சு, பஸ்ல சொல்றேன்" என்றார் தம்பி. பஸ்ஸில் விளக்கை அணைத்துப் படம் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். உங்கள் சுற்றுலாவில் கல் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். கல்லைப் பார்ப்பது கடமை, கடலைப் பார்ப்பது இளைப்பாறல். மாமல்லபுரத்தில் அந்தப் பிரிவினை செல்லாது. கடல் இல்லையென்றால் இந்த ஊரே இல்லை.

இது துறைமுகம். திருமங்கையாழ்வார் இந்த ஊரைக் கடல்மல்லை என்று பாடும்போது, யானைகளும் பொன்னும் நவமணிக் குவியலும் ஏற்றிய பாரத்தில் தாழ்ந்து அசையும் மரக்கலங்களைப் பாடுகிறார். ஊரின் அடையாளமே அதுதான். காஞ்சி தலைநகர் என்றால் இது அதன் கடல்வாசல். கடலில் வருகிறவனுக்கு முதலில் எது தெரியவேண்டும்? தாழ்ந்த மணல் கரையில் ஒரு கோபுரம். பின்னாளில் ஐரோப்பிய மாலுமிகள் இந்தக் கரையை ஏழு கோயில் என்று பெயர் வைத்து அழைத்ததும் கடலிலிருந்து பார்த்துத்தான். பெரியம்மாவுக்கு நான் ஊகமாகச் சொன்ன பதில் இதுதான்: உப்பு தின்னும் என்று தெரிந்தேதான் கட்டியிருப்பான், கப்பல்காரன் கண்ணில் படவேண்டுமே. "அப்பம் சரி, விளம்பரப் பலகை" என்றார் பெரியம்மா.

அந்த ராசா யார் என்பதும் ஒரு நல்ல கதை, அதை நீங்கள் கையில் வைத்துக்கொண்டே தொலைத்துவிட்டீர்கள். கடற்கரைக் கோயிலை எழுப்பியவன் இரண்டாம் நரசிம்மவர்மன், ராஜசிம்மன் என்பார்கள், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அன்று காலையில் காஞ்சியில் நாங்கள் பார்த்த கைலாசநாதர் கோயிலும் அவன் கட்டியதே. காலையில் அவன் தலைநகரில் கட்டியது, மாலையில் அதே ஆள் துறைமுகத்தில் கட்டியது. ஒரே நாளில் இரண்டையும் காட்டுகிற வண்டி உங்களுடையது மட்டும்தான், அதைச் சொல்லவில்லையே! காஞ்சியில் கைலாசநாதரில் 15 நிமிடம், பட்டுக்கடையில் 50 நிமிடம் இருந்தோம். பெரியம்மா ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை. "இதுக்கு நம்ம ஊர் சந்தையே தேவலாம்" என்று ஒரு மூலையில் உட்கார்ந்து முறுக்கு தின்றார்.

கோயிலைக் கட்டிய பிறகு கடலும் காற்றும் அதை விட்டுவைக்கவில்லை. இப்போது நாம் பார்ப்பது சும்மா நிற்கும் கோயில் இல்லை. கரையில் கல் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு வைத்திருக்கிறார்கள். தொல்லியல் துறையினர் காகிதக் கூழைக் கல்லின்மேல் பூசி, காயவிட்டு உரித்து, கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். பெரியம்மாவின் ஜன்னல் கம்பி விவகாரம்தான், 1,300 வருடமாக நடக்கிறது. இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். கல்லைத் தொடாதீர்கள் என்று பத்துத் தடவை கத்துவதைவிட அது வேலை செய்யும்.

கடல் அரித்ததோடு நிற்கவில்லை, மூடியும் வைத்தது, திறந்தும் காட்டியது. கோயிலுக்கு வடபக்கம் பள்ளத்தில் இருக்கும் பூவராகமும் (பன்றி வடிவத் திருமால்) குட்டிக் கோயிலும் 1990-ல்தான் மணலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது இந்தக் கரையில் மணல் வாரிக்கொண்டு போய், அதுவரை யாரும் பார்த்திராத செதுக்குப் பாறைகள் தெரிந்தன. வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையில் எழுத்து தென்பட்டது. படித்தவர்கள் அதில் ஒரு முருகன் கோயிலின் பேச்சு இருப்பதைக் கண்டார்கள். கோயில் எங்கே என்று 2005-ல் தோண்டினார்கள். மேலே பல்லவர் காலத்துக் கல் கட்டுமானம், அதற்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில், முன்னால் ஒரு கல் வேல். அடியில் இருப்பது சங்க காலத்தது என்று தோண்டியவர்கள் சொல்கிறார்கள். அங்கே கிடைத்த கல்வெட்டுகளில் ஒன்று, ஒரு பெண் விளக்கெரிக்க 16 கழஞ்சுப் பொன் கொடுத்ததைச் சொல்கிறது.

சாளுவன்குப்பம் உங்கள் பஸ் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். 11 யாளித் தலைகள் சூழ்ந்த புலிக்குகையும் அங்கேதான், புலிக்குகையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அந்த முருகன் கோயில். திரும்பும்போது எங்கள் வண்டி அதைத் தாண்டித்தான் போனது. யாரும் கையைக் காட்டிக்கூடச் சொல்லவில்லை. படத்தில் அப்போது சண்டைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பதிலாக வழிகாட்டித் தம்பி சொன்னது, "கடலுக்குள்ள இன்னும் ஆறு கோயில் இருக்கு, தண்ணி வத்துற அன்னைக்குத் தெரியும்." கேட்க நன்றாக இருக்கிறது. 2002-ல் கோவாவிலிருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்தார் இங்கே நீருக்குள் மூழ்கிப் பார்த்தது உண்மை. கட்டுமானம் போன்ற எச்சங்களைப் பார்த்ததும் உண்மை. ஆறு என்று யாரும் எண்ணிக் கொடுக்கவில்லை. சுனாமி திறந்துவிட்ட நிஜக் கோயில் ஒன்று தரையிலேயே இருக்கிறது, அதை விட்டுவிட்டு நீருக்குள் இருக்கும் ஆறைப் பற்றி ஏன் பேசவேண்டும்?

இதில் தம்பியைக் குறைசொல்லவில்லை. 10 நிமிடத்தில் அவர் வேறு என்ன சொல்வார்? சிரிக்கவைத்துவிட்டு நகரத்தான் முடியும். இந்த ஊர் வழிகாட்டிகளில் கல்வெட்டு எழுத்தைப் படித்துக்காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்பு ஒருவர், இங்கிருப்பது எல்லாமே மாமல்லன் (முதலாம் நரசிம்மவர்மன்) காலத்தவை என்று நாம் நினைக்க, இல்லை, எல்லாம் ராஜசிம்மன் காலம் என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1960-களில் வாதாடியதை வெயிலில் நின்று அரை மணி நேரம் விளக்கினார். அவர் தனியாக வந்தவர், கடைக் கமிஷனை நம்பிப் பிழைக்காதவர். உங்களிடம் வேலை செய்கிறவருக்கு அந்த வசதி இல்லை. நாள் கூலி குறைவு, மிச்சத்தைக் கடையில் எடுத்துக்கொள் என்றால் அவர் கடையைத்தான் காட்டுவார்.

அப்புறம் பீச் டைம். 5.20-க்குக் கோயிலுக்குப் பக்கத்து மணலில் எங்களை விட்டுவிட்டு வழிகாட்டி டீ குடிக்கப் போய்விட்டார். இங்கே குளிக்க வேண்டாம் என்று எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. எங்கள் பஸ்ஸில் வந்த நாலு கல்லூரிப் பிள்ளைகள் அதன் அடியில்தான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போனார்கள். வலை சரிசெய்துகொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து வந்து சத்தம் போட்டுத்தான் கரையேற்றினார். இந்தக் கரையில் அலை திரும்பும்போது காலுக்கடியில் மணலை உருவிக்கொண்டு போகும். அதைச் சொல்ல வேண்டியது அந்த மீனவரின் வேலை இல்லை, நீங்கள் காசு வாங்கியிருக்கிறீர்கள்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். காஞ்சியையும் மாமல்லபுரத்தையும் பிரியுங்கள். நடுவில் 65 கிலோமீட்டர் போல ஓட்டி, இரண்டு ஊரையும் பாழாக்குகிறீர்கள். இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு இரண்டு நாள் டிக்கெட் போடுங்கள், முதல் நாள் தலைநகர், மறுநாள் துறைமுகம், நடுவில் ராஜசிம்மன்.

மாமல்லபுரத்துக்கு மட்டும் என்றால் சென்னையிலிருந்து விடிகாலை ஐந்துக்குக் கிளம்புங்கள். ஆறரைக்குப் பாறைச் சிற்பத்தின் முன்னால் நிற்கலாம். அது தெருவோரத்தில் இருப்பது, டிக்கெட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அந்நேரம் கூட்டமும் இருக்காது. ஒரு மணி நேரம் அங்கேயே விடுங்கள். பிறகு கரையில் படகுகள் மீனோடு திரும்பிவந்து ஏலம் நடப்பதைக் காட்டுங்கள். இந்த ஊரின் துறைமுகத் தொழிலில் இன்றும் உயிரோடு இருப்பது அதுதான். இட்லி சாப்பிட்டுவிட்டு மணல் சுடுவதற்குள் ஐந்து ரதம்.

உச்சிவெயில் நேரத்துக்கு நிழல் வேண்டும். அப்போது கடைக்குக் கூட்டிப்போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏசி ஷோரூமுக்கு இல்லை, சிற்பப் பட்டறைக்கு. இந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் உளிச்சத்தம் கேட்கும். 1957-லிருந்து சிற்பம் சொல்லிக்கொடுக்கும் அரசுக் கல்லூரி இங்கே இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து ஒருவர் நந்தியின் காதைத் தட்டி எடுப்பதைக் கால்மணி பார்த்துவிட்டு, சாயங்காலம் கடற்கரைக் கோயிலில் காது கரைந்த நந்தியைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வாங்குகிறவர்கள் அங்கேயே வாங்குவார்கள். உங்கள் கமிஷனும் கெடாது.

மூன்று மணிக்குச் சாளுவன்குப்பம் போய்விட்டு, நாலரைக்குக் கடற்கரைக் கோயில். வெயில் இறங்கும் நேரத்தில் கோபுரத்தின் மேற்குப் பக்கம் பழுப்பு நிறத்துக்கு மாறும். பௌர்ணமியை ஒட்டிப் பயணம் வைத்தால் சாயங்காலம் கடலிலிருந்து நிலவு எழுவதைப் பார்க்கலாம். நோட்டீஸில் போட அதைவிட நல்ல படம் கிடைக்காது, பொய்யும் இல்லை.

வயதானவர்களுக்காக இன்னும் இரண்டு. பஸ் படியில் வைக்க ஒரு மரப்பெட்டி போதும், முட்டிவலிக்காரர்கள் பாதிப்பேர் பிழைத்துப்போவார்கள். கழிப்பறைக்கு வண்டி எங்கே நிற்கும் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். பெரியம்மா வெளியே சொல்ல வெட்கப்பட்டு மதியத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்குத் தெரியும்.

பட்டுக்கடையை எடுத்துவிட்டால் டிக்கெட் விலை ஏறும், தெரியும். ஏறட்டும். எவ்வளவு ஏறும் என்று நேராகச் சொல்லுங்கள், விருப்பமுள்ளவர் வருவார்கள். இப்போது மலிவாகக் கொடுக்கிறீர்கள் என்று நினைத்து ஏறுகிறோம், மீதியை எங்கள் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்.

பெரியம்மா ஊருக்குப் போய்விட்டார். போனவாரம் போனில் பேசும்போது, அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் அந்தப் பசுவைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ரதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. தை அறுப்பு முடிந்ததும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். இந்தத் தடவை கல்லு வேல் கிடைத்த அந்த முருகன் கோயிலும் பார்க்கவேண்டுமாம். அதற்குள் உங்களில் யாராவது விடிகாலை வண்டி ஒன்று போட்டால் மூன்று இடம் எடுத்துவைக்கவும். இரண்டு பேருக்கு முன்வரிசை, ஏறி இறங்க வசதியாக. எனக்கு எங்கே என்றாலும் சரி, டிவிக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
17-ஆம் நம்பர் இருக்கையில் வந்தவள்